மெயின் சுவிட்சும் மெமரி கார்டும்

குவீன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கமாலுதீனின் துணிக்கடைக்குள் வெள்ளம் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வரும். கடல் ஏறியிருக்கும் நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டால், பின்சந்து வடிகால் தண்ணீரை வாங்க மறுத்துவிடும். போன அக்டோபரில் கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆனது. மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தால், கீழ்த்தட்டில் இருந்த முப்பத்தெட்டு பாப்ளின் கட்டுகளும் சேற்றுத் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய்க் கிடந்தன.

கடை இருப்பது தீவில், அவருக்கு வீடு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில். நடுவில் கடல், கடலின் மேல் பாலம், பாலத்தின் மேல் எந்நேரமும் கார்கள். அங்கே வெயில் காயும்போது இங்கே கொட்டுவது அவருக்கு எப்படித் தெரியும்?

"பின்னால ஒரு கேமரா மாட்டிருங்களேன்," என்றாள் அவர் மனைவி ஹபீபா பீவி. கடையில் கல்லாவில் உட்காருவது அவள்தான்.

"கேமரா சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். அந்தக் கேமராவ யாரு பாத்துக்கிட்டு இருக்கிறது? தண்ணி வந்தா என் ஃபோன் கத்தணும்லா."

அப்படிக் கத்த வைக்கும் வழியை அவர் ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் செருக ஒரு மெமரி கார்டு. கார்டில் லினக்ஸ். ஒரு பிளாஸ்டிக் மிதவையை வடிகாலில் தொங்கவிட்டு, அதன் வயரைக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டால் போதும். தண்ணீர் மிதவையைத் தூக்கியதும் ஃபோனுக்குச் செய்தி பறக்கும். வீடியோவில் வந்த ஆள் எல்லாவற்றையும் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் காப்பி குடித்தான். ஐம்பத்தாறு வயதுக் கமாலுதீனுக்கு மூன்று வாரம் பிடித்தது.

முதல் நாள் கார்டைச் செருகி, டிவியில் வயரை மாட்டி, கரண்டைக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு இமைக்கவே இல்லை. டிவி கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார், ஊதி மாட்டினார், சட்டை நுனியில் துடைத்து மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், மலேசியத் தமிழர்கள் சிலர் இந்தச் சின்னக் கம்ப்யூட்டர்களுக்காகவே நடத்தும் டெலிகிராம் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, 'கமால்' என்ற பெயரில் சேர்ந்தார். படம் கேட்டது. ஃபோனில் முதலில் கையில் பட்டது ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளின் படம். அதையே போட்டார்.

'அண்ணன்மார்களே, சிவப்பு லைட் எரியுது, பச்சை எரியல. டிவியில ஒண்ணும் வரல. உதவி தேவை' என்று எழுதினார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் பி.கே. என்று மட்டும் இருந்தது. படத்தில் ஒரு சால்டரிங் கம்பி.

'தம்பி, லினக்ஸை கார்டுல எழுதினியா, காப்பி பண்ணியா?'

'இறக்கின ஃபைலை இழுத்துக் கார்டுல போட்டேன் அண்ணே.'

'அது காப்பி. வீட்டு பிளானைக் கொண்டுபோய் காலி நிலத்துல வச்சா வீடு ஆயிடுமா? கார்டுல எழுதறதுக்குன்னு தனி புரோகிராம் இருக்கு. அதுல எழுது. எழுதி முடிச்சு சரிபாத்துட்டேன்னு அது சொல்ற வரைக்கும் கார்டைப் பிடுங்காத.'

கமாலுதீன் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை இரண்டு முறை படித்தார். தெருவில் பாதிப்பேர் அவரை மாமா என்பார்கள், மீதிப்பேர் பாய் என்பார்கள். யாரோ ஒருவர் 'பிடுங்காத' என்று அதட்டி எத்தனை வருடம் ஆயிற்று!

"தம்பியாம்," என்று ஹபீபாவிடம் காட்டினார்.

"நல்லதுதானே. முப்பது வயசு குறைச்சிருக்காரு. அவரு சொன்ன மாதிரி செய்யுங்க."

செய்தார். பச்சை விளக்கு படபடவென்று இமைத்தது. டிவியில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று மேலே ஓடின. கமாலுதீன் கடையில் நின்ற வாடிக்கையாளரைக்கூட இழுத்து வந்து காட்டினார். அந்த அம்மாளுக்கு வேண்டியது இரண்டு மீட்டர் லைனிங் துணி. ஆனாலும் மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

அடுத்தது வைஃபை. கடையின் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் நான்கு முறை கொடுத்தும் கம்ப்யூட்டர் சேர மாட்டேன் என்றது. பி.கே. ஒரே கேள்விதான் கேட்டார்: 'உன் வைஃபை பேரு கடைசியில அஞ்சுன்னு இருக்கா?' இருந்தது. அதுதான் வேகமானது என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தார் கமாலுதீன். 'உன் போர்டு பழைய மாடல் தம்பி. அதுக்கு அந்த அலை கேக்காது. அஞ்சு இல்லாத பேரைக் குடு.' கொடுத்தார். சேர்ந்துவிட்டது. மாலைக்குள் மிதவையையும் இணைத்து, பின்சந்து வடிகாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார்.

"என்ன கமால் பாய், லோங்காங்குக்குத் தண்ணி ஊத்துறீங்க? அது என்ன பூச்செடியா?" என்று எட்டிப் பார்த்தாள் குணவதி. பக்கத்து மசாலாக் கடை அவளுடையது.

கமாலுதீன் பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப் பையில் ஃபோன் அலறியது. அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை கடை திறந்தால், பச்சை விளக்கு இல்லை. டிவியில் பாதி எழுத்தோடு எல்லாம் நின்றுபோயிருந்தது.

இதற்குப் பிறகுதான் பி.கே.வுக்கே தலை சுற்ற ஆரம்பித்தது. கார்டு போலியாக இருக்கலாம், அளவைப் பொய்யாகக் காட்டும் கார்டுகள் நிறைய உண்டு, சோதித்துப் பார் என்றார். சோதித்தார், கார்டு நல்ல கார்டுதான். சார்ஜர் வலு இல்லாததாக இருக்கலாம், மாற்று என்றார். மாற்றினார். புதுக் கார்டு வாங்கினார். லினக்ஸைத் திரும்ப எழுதினார். பகல் முழுக்கச் சமர்த்தாக வேலை செய்யும். ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடக்கும். மூன்று கார்டுகள் இப்படிப் போயின.

'ராத்திரி உன் கடையில என்னதான் நடக்குது?' என்று கேட்டார் பி.கே.

'ஒண்ணும் நடக்கல அண்ணே. கடை பூட்டியிருக்கு.'

'குவீன் ஸ்ட்ரீட்தானே சொன்ன? நானும் இதே தீவுலதான், பாயான் லெப்பாஸ்ல வேலை செய்யிறேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு நேர்ல வரேன். எனக்கே பாக்கணும் போல இருக்கு.'

சனிக்கிழமை ஏழரை மணிக்கு, தொழிற்சாலைச் சட்டையும் கையில் ஹெல்மெட்டுமாக ஒரு பெண் கடைக்குள் நுழைந்தாள். நாற்பது வயது இருக்கும். கமாலுதீன் எழுந்து, "வாங்கம்மா, என்ன துணி பாக்குறீங்க?" என்றார்.

"துணி இல்லண்ணே. கமால்னு ஒரு தம்பி இருக்காப்லயா?"

"எந்தக் கமால்?"

"மெமரி கார்டு கமால்."

கமாலுதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நான்தான்."

அவள் அவருடைய நரைத்த தாடியைப் பார்த்தாள். "ஐயோ, மன்னிச்சிருங்கண்ணே! அந்த மோட்டார் படத்தப் பாத்துட்டு, ஃபார்ம் ஃபைவ் படிக்கிற பையன்னு நெனச்சிட்டேன். வா போன்னு எல்லாம் பேசிட்டேனே!"

"பரவாயில்லம்மா. பி.கே. அண்ணன் வரலியா? நீங்க அவருக்கு..."

"நான்தான் பி.கே. பிரமிளா குணசேகரன்."

கல்லாவில் ஹபீபா பீவி சிரித்த சிரிப்பில் அவள் பிரித்துக்கொண்டிருந்த சில்லறையெல்லாம் கலந்துபோனது. எழுந்து வந்து பிரமிளாவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, தேநீர் வரவழைத்தாள்.

பிரமிளாவுக்குத் தொழிற்சாலையில் வேலையே போர்டுகளைச் சோதிப்பதுதான். கீபோர்டை வாங்கி அரைமணி நேரம் தட்டிப் பார்த்தாள். கார்டு சரி. சார்ஜர் சரி. சூடு இல்லை. வயர் அழுத்தமாக இருந்தது. "இதுல ஒரு குறையும் இல்லண்ணே," என்றாள், ஏமாற்றத்தோடு.

மணி எட்டானது. கமாலுதீன் கடை அடைக்கத் தொடங்கினார். மின்விசிறிகளை நிறுத்தினார், முன்விளக்குகளை அணைத்தார், மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, "பிஸ்மில்லாஹ்" என்றபடி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். படார். கடை முழுக்க இருட்டு.

"அண்ணே!" பிரமிளாவின் குரல் இருட்டிலிருந்து வந்தது. "என்ன செஞ்சீங்க?"

"கடை அடைக்கிறேன்மா."

"தினமுமா?"

"தினமும்தான். பதினோரு வருஷத்துக்கு முந்தி நாலு கடை தள்ளி ஒரு கடை வயர்ல தீப்பிடிச்சி எரிஞ்சிச்சி. நான் கண்ணால பாத்தேன். அன்னையிலேர்ந்து மெயின அடைக்காம நான் வீட்டுக்குப் போனதில்ல."

"கார்டுல அது என்னமோ எழுதிக்கிட்டே இருக்கும்ணே. எழுதும்போதே கரண்ட்டப் பிடுங்கினா பாதியில நின்னு கெட்டுப்போகும். எல்லா நாளும் கெடாது, மாட்டுற அன்னைக்குக் கெடும். இத ஏன் நீங்க சொல்லவே இல்ல?"

"நீங்க கம்ப்யூட்டரப் பத்தித்தானே கேட்டீங்க? இது கடை விஷயம்லா."

ஹபீபா பீவி ஃபோன் விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரமாக அவள் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணு புரியல. மெயின அடைச்சிட்டு நாம வீட்டுக்குப் போயிட்டா, இந்த மிஷின் எப்படி லோங்காங்கப் பாக்கும்?"

மூன்று வாரம், மூன்று கார்டு, இரண்டு சார்ஜர். ஆள் இல்லாத நேரத்தில் விழித்திருக்க வேண்டிய ஒன்றை, ஆள் கிளம்பும்போதே தூங்கவைத்துக்கொண்டிருந்தார்கள். பிரமிளா முக்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கமாலுதீன் முதலில் முறைத்தார், பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை.

ஆனால் மெயினை விட்டுவிட்டுப் போக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது மட்டும் முடியாதும்மா. எனக்கு வீட்டுல சோறு இறங்காது. அந்தக் கடைக்காரரு ரோட்டுல உக்காந்து அழுதது இன்னும் காதுல கேக்குது."

பிரமிளா அவரோடு வாதாடவில்லை. "நீங்க மெயின அடைங்கண்ணே. அதுக்கு முன்னாலேயே தனியா ஒரு லைன் எடுத்துருவோம்."

திங்கட்கிழமை ஐமான் என்ற எலக்ட்ரிசியன் வந்து, மெயினுக்கு முன்னாலிருந்தே ஒரு லைன் இழுத்து, அதற்கென்று ஒரு சின்ன பிரேக்கரும் போட்டுக் கொடுத்தான். அதில் இரண்டே பிளக்குகள். ஒன்று கம்ப்யூட்டருக்கு, மற்றது வைஃபை பெட்டிக்கு. தெருவிலேயே கரண்ட் போனாலும் கெடாமலிருக்க, கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டிவைக்கும் வழியைப் பிரமிளா ஃபோனிலேயே சொல்லித் தந்தாள். சொல்லி முடித்துவிட்டு, "இன்னொண்ணு கேக்கணும்ணே," என்றாள். "ஃபோன் கத்துது, சரி. நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம். துணிய யாரு தூக்குறது?"

அதையும் கமாலுதீன் யோசித்திருக்கவில்லை. அன்று மாலையே பின்வாசல் சாவி ஒன்றைக் குணவதியிடம் கொடுத்துவைத்தார். அவள் கடைக்கு ஞாயிறும் விடுமுறை கிடையாது.

முதல் வாரம் கமாலுதீன் கிளம்பும்போதெல்லாம் அந்தப் புது வயரைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இல்லை. இரண்டாம் வாரம் தொடுவதை மறந்தார். கம்ப்யூட்டர் ஒரு காலையிலும் சாகவில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே நல்ல வெயில். கமாலுதீன் பிரியாணியில் கை வைத்த நேரம், அவருடைய சட்டைப் பையில் ஒரு சேவல் கூவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் தட்டிலிருந்த கோழிக்காலைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"தண்ணி வந்திருச்சி!" என்று எழுந்தே விட்டார் கமாலுதீன். இடது கையால் குணவதியைக் கூப்பிட்டார். "குணவதிம்மா, அங்க மழையா?"

"என்ன பாய் கேக்குறீங்க, வானம் இடிஞ்சி விழுது! பின்னால ஏறுதா? இருங்க, போறேன்."

கையைக் கழுவியும் கழுவாமலும் அவரும் ஹபீபாவும் காரில் ஏறினார்கள். பாலத்தில் பாதி வந்ததும் மழை எதிரில் சுவர் போல நின்றது. கார்கள் ஊர்ந்தன. கமாலுதீன் வைப்பரை வேகமாக ஓடவிட்டார். "சாவி பூட்டுக்குச் சேருதான்னு நான் திறந்து பாத்துக் குடுக்கலியே," என்றார்.

"சேரும். ஓட்டுங்க," என்றாள் ஹபீபா.

ஐம்பது நிமிடம் ஆனது. கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டுகள் காலி. கட்டுகள் எல்லாம் மேசை மேலும் மாடிப்படி மேலும் அடுக்கப்பட்டிருந்தன. படியின் நடுவில் சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு குணவதி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவள் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கட்டின் மேல் சாய்ந்திருந்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கைநழுவிப் போச்சி பாய். மன்னிச்சிருங்க," என்று மூலையைக் காட்டினாள் குணவதி.

கடுகு நிறத்தில் ஒரு கட்டு தண்ணீரில் கிடந்தது. ஹபீபா பீவி குனிந்து பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கமாலுதீன் ஆசையாக வாங்கிப்போட்ட துணி. இதுவரை ஒரு மீட்டர்கூட விற்கவில்லை.

"இதுவா போச்சி? அல்ஹம்துலில்லாஹ்," என்றாள்.

கமாலுதீன் ஃபோனை எடுத்து, நனையாத கட்டுகளைப் படம் பிடித்துப் பிரமிளாவுக்கு அனுப்பினார். எழுதி அழித்து, எழுதி அழித்து, 'கத்துச்சிம்மா' என்று மட்டும் எழுதினார்.

உடனே பதில் வந்தது. 'சூப்பர்ணே! தண்ணி வடிஞ்சதும் மிதவைய நல்லா கழுவிருங்க. சேறு ஒட்டிக்கிட்டா அடுத்த தடவ மேல ஏறாது.'

வெளியே மழை விட்டிருந்தது. கமாலுதீன் கல்யாணத்துக்குப் போட்டிருந்த கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துப் பின்சந்துக்குப் போனார்.