துண்டுக்குள் கேட்ட வாசல்

அன்று வாகைமரத்தடியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சந்தையின் தலைமைத் தரகர் உக்கிரபாண்டி, தம் வழக்கமான கல்லின் மேல். அவருக்குப் பின்னால் நின்றபடி இளைய மகன் முகேஷ். ஊராட்சி மன்றத் தலைவர் வெள்ளைத்தாய். சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யூனியன் ஆபீஸிலிருந்து வந்த ஓவர்சியர் நவநீதகிருஷ்ணன். வீரசோழன் ஊர் ஆட்டு வியாபாரி சிக்கந்தர் பாய். டீக்கடை ஆவுடைத்தாய் வடைச்சட்டியை விட்டு நகரவில்லை என்றாலும், காது இரண்டும் இங்கேதான் இருந்தன. அவ்வளவு பேர்தான். சந்தை கலைகிற நேரம், தள்ளி நின்று ஆடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கண்ணுக்குத் துண்டு மட்டும் தெரிந்திருக்கும். பந்தல்குடியில் லாரியை ஓரங்கட்டி டீ குடிக்கிற இடமெல்லாம் 'நான் பக்கத்துல நின்னு பாத்தேன்' என்று சொல்ல இன்றைக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

வடக்குநத்தம் செவ்வாய்ச் சந்தை ஆட்டுச் சந்தை. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கிற மானம் பார்த்த பூமியில் வெள்ளாமை பொய்க்கும், வெள்ளாடு பொய்க்காது. அந்தச் சந்தையில் விலையை வாயால் பேசுகிற வழக்கம் இல்லை. தரகரும் வியாபாரியும் கை கோத்துக்கொள்வார்கள். அதன் மேல் ஒரு துண்டு விழும். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்தும் விட்டும் பேரம் நடக்கும். முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாத ஆள்தான் நல்ல தரகர். விடிந்ததும் முதல் ஆட்டுக்கு உக்கிரபாண்டி வீட்டுத் துண்டு விழுந்தால்தான் சந்தை திறந்ததாகக் கணக்கு. அவருடைய தாத்தா, அப்பா, அதன் பிறகு அவர் என்று மூன்று தலைமுறையாக அந்த முதல் கை அந்த வீட்டுக்கு. துண்டும் சாமானியத் துண்டு அல்ல. அருப்புக்கோட்டையில் சொல்லி நெய்து வாங்கிய, கனத்த, வெள்ளைத் தறித்துண்டு.

சந்தையைப் புதுப்பிக்க அரசாங்கப் பணம் வந்திருந்தது. கூரைக் கொட்டகை, சிமெண்டு மேடை, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், விளக்கு எல்லாம் வரைபடத்தில் இருந்தன. வாசல்தான் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து சந்தைக்குள் போகிற பாதை மாட்டு வண்டிக் காலத்துப் பாதை. அதில் மதுரை லாரி நுழையாது. லாரி நுழையாத சந்தைக்கு மதுரை வியாபாரி எத்தனை நாளைக்கு வருவான்? பாதையை ஒட்டி, வாகைமரமும் கல்லும் இருக்கிற நீளத் துண்டு நிலம் உக்கிரபாண்டியின் பட்டா. இருபதடி அகலம். அதில் பன்னிரண்டடி கிடைத்தால் லாரி வளைந்து உள்ளே வந்துவிடும். கிடைக்காவிட்டால் அந்த மாதக் கடைசியோடு பணம் வேறு ஊருக்குப் போய்விடும். அதன் பின்னாலேயே சந்தையும் போய்விடும்.

இந்தச் சங்கதி தெரிந்த நாளிலேயே கொடுப்பது என்று உக்கிரபாண்டி முடிவெடுத்துவிட்டார். மனைவி சந்தனம்மாள் கேட்டபோது, "குடுக்காம? நம்ம பாத்து வளத்த சந்தை, நம்ம வாசல்ல சாகவா? வந்து கேக்கட்டும்" என்றார். ஆனால் வந்து கேட்கத்தான் ஆள் இல்லை. தலையாரியிடம் சொல்லி அனுப்பினார்கள். முகேஷின் செல்போனில் சொல்லிப் பார்த்தார்கள். சொல்லி அனுப்பினால் வருவதற்கு அது என்ன ரேஷன் சர்க்கரையா? உக்கிரபாண்டி பதிலே சொல்லவில்லை. கொடுப்பது பெரிதல்ல, அந்த வீட்டிலிருந்து அது எப்படி வெளியே போகிறது என்பதுதான் பெரிது. கொடுத்தார் என்று போக வேண்டும். பிடுங்கினார்கள் என்றோ, விற்றார் என்றோ ஒரு சொல் எழுந்துவிடக் கூடாது.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளைத்தாயும் ஓவர்சியரும் நேரில் வந்து நின்றபோது அவர் மீசை லேசாக விரிந்தது. அதை ஓவர்சியர் அரை நிமிஷத்தில் கெடுத்தார்.

"ஐயா, கைடுலைன் வேல்யூ பிரகாரம் உங்களுக்கு ஒரு தொகை..."

"ஏன் தம்பி, எங்க வீட்டுல அடுப்பு எரியலேன்னு யாரும் உங்ககிட்டச் சொன்னாகளா?"

ஓவர்சியர் பதறிப்போய் வரைபடத்தை விரித்தார். பின்னால் நின்ற கிடாய்க்குட்டி ஒன்று அதன் முனையை வாயில் வாங்கிக்கொண்டது.

"மொதல்ல பேப்பரச் சுருட்டுங்க தம்பி. இப்பவே கால்வாசிச் சந்தையத் தின்னுருச்சு" என்றார் சிக்கந்தர் பாய். ஆவுடைத்தாய் கரண்டியோடு சிரித்தாள்.

உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. "வெலைக்கு வேணுமுன்னா வேற எடம் பாருங்க. கொடையா வேணுமுன்னா கேக்குறதுக்கு ஒரு மொறை இருக்கு" என்றார், ஓவர்சியரைப் பார்த்து. வெள்ளைத்தாயை அவர் பார்க்கவில்லை.

பார்க்காததற்குக் காரணம் இருந்தது. வெள்ளைத்தாய் சோணையின் மகள். சோணை அவருடைய காட்டில் வேலை செய்தவர், அதோடு பத்துப் பதினைந்து ஆடும் வளர்த்தவர். வெள்ளைத்தாய் நூறுநாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் அள்ளியவள். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் யூனியன் ஆபீஸில் கூலி பாக்கியை வாங்கி வந்தவள். அந்தப் பெயரில் தேர்தலில் நின்று ஜெயித்தவள். உக்கிரபாண்டி அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. தெருவில் எதிரே வந்தால் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, இப்போது அவள் தலைவர். தலைவர் என்று கூப்பிட நாக்கு எழவில்லை. அதனால் அவளை எப்படியும் கூப்பிடாமலே மூன்று வருஷத்தை ஓட்டியிருந்தார்.

"மொறைன்னு நீங்களே சொல்லிட்டீக" என்றாள் வெள்ளைத்தாய். "சந்தையில ஒண்ணக் கேக்குறதுக்கு மொறை துண்டுதான? துண்டப் போடுங்க பெரியவரே. நான் கேக்குறேன்."

சிக்கந்தர் பாய் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ஆவுடைத்தாய் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் அப்படி எல்லாரும் அடங்கிப்போனார்கள் என்றால், சோணையின் ஆட்டுக்கு அந்தச் சந்தையில் ஒருநாளும் துண்டு விழுந்ததில்லை. துண்டுக்குள் கையோடு கை சேர வேண்டும். சோணையின் தெருக்காரர்களோடு உக்கிரபாண்டி வீட்டார் கை சேர்ப்பதில்லை. அவர்கள் ஆட்டுக்கு விலையைக் கல்லில் உட்கார்ந்தபடி நாலு பேர் கேட்க உரக்கச் சொல்லிவிடுவார்கள். சம்மதமென்றால் கயிற்றைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பா காலத்து ஏற்பாடு, அவர் காலத்திலும் அப்படியே ஓடியது.

"அப்பா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கிருவோம்" என்றான் முகேஷ் மெதுவாக.

"சந்தைக் காரியத்துக்கு வீட்டுல என்னலே பேச்சு?"

வெள்ளைத்தாய் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "எங்கப்பன் ஆட்டுக்கு நீங்க சொன்ன வெல சரியாத்தான் இருந்துச்சு. ஒத்தப் பைசா கொறச்சதில்ல. அத நான் எங்கயும் மாத்திச் சொல்ல மாட்டேன். துண்டுதான் வரலே."

"நெலம் கேக்க வந்தீகளா, நியாயம் கேக்க வந்தீகளா?" அவர் அவளைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"வாசல் கேக்க வந்தேன். கேக்குற எடத்துல கேக்குறேன்."

உக்கிரபாண்டி தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். வழி ஒன்றும் அடைபட்டிருக்கவில்லை. 'நிலத்தை எடுத்துக்கோங்க' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். துண்டு தோளிலேயே கிடக்கும், ஊரும் கும்பிடும். ஆனால் அவருக்கு ஊரை நன்றாகத் தெரியும். பன்னிரண்டடி நிலத்தைக் கொடுத்தவன் அரையடிக் கையைக் கொடுக்கப் பயந்தான் என்று அவர் பேரன் காலம் வரைக்கும் பேசும். பயந்தான் என்ற சொல் அந்த வீட்டு நிலைப்படியை இதுவரை தாண்டியதில்லை. தம் காலத்திலா அதைத் தாண்ட விடுவார்?

துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். கல்லில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு வெரலுக்கு நாலடி. கை முடிஞ்சு துண்டு எடுக்குற வரைக்கும் வாயி தெறக்கப்படாது."

வெள்ளைத்தாய் வலது கையை நீட்டினாள். அவர் கை அதன் அடியில் வந்தது. துண்டு விழுந்தது.

மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. அவர் கையைவிடக் கரடு. மூன்று விரலைப் பிடிப்பாள் என்று அவர் காத்திருந்தார். பன்னிரண்டடி வேண்டும் என்பதைத்தான் ஓவர்சியர் செல்போனில் ஊரே கேட்கக் கத்திக்கொண்டிருந்தாரே. அவள் நான்கு விரலைப் பிடித்தாள்.

உக்கிரபாண்டி ஒரு விரலை உருவிக்கொண்டார். சந்தையில் அதற்கு அர்த்தம், அதிகம் கேட்கிறாய் என்பது. அவள் விட்டாள். கொஞ்சம் பொறுத்தாள். மறுபடியும் நான்கையும் சேர்த்துப் பிடித்தாள், இந்தத் தடவை இறுக்கமாக.

முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, ஜெயித்துவிட்டோம் என்ற மினுக்கம் இல்லை. நெற்றி வியர்வை புருவத்தில் இறங்குகிறது, துடைக்கவில்லை. அறுபது வருஷம் சந்தையைப் பார்த்தவர் அவர். எத்தனையோ வியாபாரிகளுக்கு வாய்க்காத முகம் அது. இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் இவள் அப்பன் சோணை கயிற்றைப் பிடித்து எட்டவே நின்றான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை அவரும் முகத்தில் காட்டவில்லை.

நான்கு கேட்டவளுக்கு நான்கைக் கொடுத்தால் அது பேரம். பேரம் பேசி அந்த வீட்டு நிலம் போகக் கூடாது. கட்டை விரலையும் மடக்கி அவள் கைக்குள் வைத்து, ஐந்து விரலோடும் அவள் கையை ஒரு தடவை குலுக்கிவிட்டுத் துண்டைச் சுண்டி எடுத்தார்.

"முடிஞ்சது" என்றார், சந்தையில் எப்போதும் சொல்கிற அதே உரத்த குரலில்.

"எத்தன அடி ஐயா?" ஓவர்சியருக்குத் தாங்கவில்லை.

"அம்புட்டும்" என்றாள் வெள்ளைத்தாய். புருவத்தில் நின்ற வியர்வையை அப்போதுதான் துடைத்தாள்.

"மாமா, என் காலத்துல நீங்க யாவாரத்துல தோத்து இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் சிக்கந்தர் பாய்.

"குடுத்தவன் எங்கயாவது தோப்பானா மாப்ள? உன்கிட்ட வாங்குனவன்தான் தோப்பான்." சொல்லிவிட்டு வெள்ளைத்தாயிடம் திரும்பினார். "மூணு வெரலு லாரிக்கு. அது எனக்குத் தெரியும். நாலாவது எதுக்குப் பிரசிடெண்டம்மா?"

அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவருக்கில்லை.

"பொம்பளையாளுக கக்கூஸுக்கு. பிளான்ல பின்னாடி முள்ளுக்குள்ள போட்டுருக்காக. அங்க யாரு போவா? முன்னாடி, வெளிச்சத்துல வேணும்."

"நல்லாக் கேட்டம்மா" என்றாள் ஆவுடைத்தாய். "விடிகாலையில வந்து சந்தை கலையுற வரைக்கும் அடக்கிக்கிட்டு வட சுடுறவளுக்குல்ல தெரியும்."

ஓவர்சியர் வரைபடத்தில் ஆடு தின்றது போக மிஞ்சிய இடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, இந்தக் கல்லு வாசல்ல வருதே. எடுக்கணும்" என்றார்.

"எடுங்க. தூக்கி எங்க போட்டாலும் அது நான் உக்காருற கல்லுதான்."

ஆவுடைத்தாய் தாளில் வடை கொண்டுவந்து எல்லாருக்கும் நீட்டினாள். உக்கிரபாண்டி எடுத்தார். துண்டுக்குள் இருந்த அதே வலது கையால் பிய்த்து, அங்கேயே, எல்லார் முன்னாலும் தின்றார். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லவும் செய்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் திருச்சுழியில் தானப் பத்திரம் பதிவாயிற்று. புதுச் சந்தை இப்போது நிற்கிறது. லாரி மெயின் ரோட்டிலிருந்து ஒரே வளைவில் உள்ளே வருகிறது. மழை பெய்தால் ஆடும் ஆளும் கொட்டகைக்குள் நனையாமல் நிற்கிறார்கள். வாசலுக்கு இடது பக்கம், விளக்குக்கு நேரே, பெண்கள் கக்கூஸ். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. வாசலில் அவர் பெயரைப் போட்டு வளைவு வைக்கலாம் என்று ஊராட்சியில் பேச்சு வந்தது. போர்டு வைத்துத்தான் தெரிய வேண்டுமென்றால் அது என்ன பெயர் என்று அவர் கேட்டுவிட்டார். கல் முதல் கொட்டகையில் கிடக்கிறது. செவ்வாய் விடிந்தால் அதில் உட்காருகிறார். முதல் கை இன்றும் அவர் கைதான். ஒரே ஒரு வித்தியாசம், எந்தத் தெரு ஆடு முதலில் வந்து நிற்கிறதோ அதற்குத் துண்டு விழுகிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, பந்தல்குடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கதை கட்டுகிறார்கள். அன்றைக்கு உக்கிரபாண்டி ஆள் முன்னால் கையைக் கொடுத்துவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம். துண்டைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாராம்.

துண்டு அவர் தோளில் கிடக்கிறது, செவ்வாய்க்கிழமை வந்தால் பார்க்கலாம். அன்று அவர் குளித்தது விடிகாலையில், சந்தைக்குப் புறப்படுமுன். அதன் பிறகு குளிக்கவில்லை.