ஊற்றைச் சுற்றி நட்ட குச்சிகள்

சிவப்புத் துணி கட்டிய குச்சிகளைப் பிடுங்கியது நான்தான்.

மலை ரோட்டை அகலப்படுத்தும் கம்பெனியில் எனக்கு வாட்ச்மேன் வேலை. எங்கள் ஊர் குடிக்கிற ஊற்றுக்கு மேலேதான் மண் வெட்டினார்கள். சுற்றுச்சூழல் பார்க்கிற இன்ஜினியர் என்று நதியா என்ற பெண் வந்து, ஊற்றைச் சுற்றிப் பதினொரு குச்சி நட்டாள்.

"இன்னாத்துக்கும்மா இது?"

"இதுக்குள்ள மண்ணு கொட்டக்கூடாதுங்கய்யா. டிப்பர் டிரைவருக்கு அடையாளம்."

நான் நம்பவில்லை. என் அப்பன் சாமை விதைத்த கொல்லையிலும் அளக்க வந்தவன் இப்படித்தான் சிவப்புத் துணி கட்டினான். அடுத்த விதைப்புக்கு எங்களை உள்ளே விடவில்லை. ஊற்றையும் வளைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி, என் ஆட்டுக் கொட்டகைக் கூரையில் சொருகினேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று டிப்பர் மண் ஊற்றின் மேல் கிடந்தது.

குடத்தோடு வந்த பாஞ்சாலை, என் தம்பி பெண்டாட்டி, நதியாவைப் பிடித்துக்கொண்டாள்.

"படிச்ச பொண்ணுதானே நீ? கோடையிலகூட வத்தாத தண்ணிய மூடிட்டு நிக்கிறியே!"

"நான் அடையாளம் வெச்சேங்கா. யாரோ எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா, பேயா? எங்க மாமா இங்கியேதான் காவல் இருக்காரு. அவர மீறி ஒரு எலி போவாது. இன்னா மாமா, சொல்லுங்க!"

நதியா என்னைப் பார்த்தாள். நான் டிப்பரைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா."

மண்ணை அள்ள மிஷினை விட்டால் ஊற்றுக்கண் நசுங்கிவிடும் என்று நதியா டிரைவரைத் தடுத்துவிட்டு, தானே மம்பட்டியோடு இறங்கினாள். பழக்கமில்லாத கை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

"மம்பட்டிகூடப் புடிக்கத் தெரியல, இதுக்கு ஒரு படிப்பு," என்றாள் பாஞ்சாலை.

அந்தப் பேச்சு எனக்கு வரவேண்டியது. வீட்டுக்குப் போய்ப் பதினொரு குச்சியையும் கொண்டுவந்து இரண்டு பேர் முன்னாலும் போட்டேன்.

"நான்தான் புடுங்கனேன். எடத்த வளைச்சிக்குவாங்கன்னு..."

பாஞ்சாலை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நதியாவின் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினாள்.

"நீ போய் உக்காரும்மா. கையில ரத்தம் வருது பாரு."

"இப்டி குடு பாஞ்சால," என்று கையை நீட்டினேன்.

"வாணாம்."

மண்டிபோட்டுக் கையாலேயே வாரினேன். பொழுது சாய்கிறவரை ஈர மண்தான் வந்தது. தண்ணீர் வரவில்லை.