ஏற்கெனவே உள்ள நோய்கள்

ஜெர்மனியில் இருக்கும் மகள் வேணிக்கு ஆடி மாதம் பிரசவம். விசாவுக்கு வெள்ளிக்கிழமை சென்னையில் நேரம் கிடைத்திருந்தது. பயணக் காப்பீடு இல்லாமல் அங்கே போனால் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். திங்கட்கிழமை வந்தும் ரெங்கநாயகியின் கையில் காப்பீடு இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று வாரமாக வேறு வேலையே அவள் பார்க்கவில்லை. மாப்பிள்ளை ஒரு இணைப்பை அனுப்பினார். அதில் ஒருமுறை செல்போன் எண்ணைக் கொடுத்ததுதான் தப்பு, அன்றிலிருந்து தினமும் ஏழெட்டு அழைப்பு. பாதிப் பேர் இந்தியில் பேசினார்கள். தமிழில் பேசியவர்களோ பெட்டி தொலைந்தால் எவ்வளவு, விமானம் தாமதமானால் எவ்வளவு என்று சொன்னார்கள். உடம்புக்கு வந்தால் என்ன என்று கேட்டால், "அது கண்டிஷன்ல இருக்கு மேடம்" என்றார்கள். கண்டிஷன் நாற்பது பக்கம் இருந்தது. முப்பத்தொரு வருடம் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தவள் அவள். அவளாலேயே பன்னிரண்டாம் பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கணவர் தாயுமானவன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். கைலாசபுரம் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும், "இருக்கிறதுலயே சின்னதா ஒண்ணு எடு. நமக்கு என்ன வந்துடப் போவுது" என்பார்.

கடைசியில் இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து, உறையூரில் இருந்த ஏஜென்ட் கலைமதியிடம் போனார்கள். கலைமதி பொறுமையான பெண். வயது, பாஸ்போர்ட் எண், தங்கும் நாட்கள் எல்லாவற்றையும் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"ஏற்கெனவே ஏதாவது வியாதி இருக்காங்க சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பிபி இருக்கு" என்றாள் ரெங்கநாயகி. "காலைல ஒரு மாத்திரை போடுறாரு."

"அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார் தாயுமானவன்.

"இருந்தாலும் எழுதணும் சார். மாத்திரை பேரு வேணும். டாக்டர் சீட்டு இருந்தா ஒரு போட்டோ அனுப்பிடுங்க, நாளைக்கே முடிச்சிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் சீட்டைக் கேட்டாள். எங்கோ வைத்திருக்கிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கேட்டாள். தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாக்கிங் போய்விட்டார். பத்து மணி வரை பார்த்தாள். பிறகு எரிச்சலோடு செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் வழக்கமாக மருந்து வாங்கும் கடைக்கே போனாள்.

கடைக்கார அஜித்துக்கு அவளைத் தெரியும்.

"சாரோட பிபி மாத்திரை பேரு மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடு தம்பி."

"பிபி மாத்திரை மட்டுமா, நாலும் எழுதணுமா?"

"எந்த நாலு?"

"பிபிக்கு ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு. இருதயத்துல ஸ்டென்ட் வெச்சதுலேருந்து நாலு மாத்திரைதானேம்மா வாங்குறாரு." அவள் முகத்தைப் பார்த்து அஜித் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

அவள் தாளை வாங்கிக்கொண்டு நடந்தாள். கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராக வீட்டுக்குப் போனாள்.

தாயுமானவன் வந்திருந்தார். மேஜையில் தாளை வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப?"

"ஐப்பசில. நீ மதுரைல இருந்தப்ப நெஞ்சு வலி வந்துச்சு."

தங்கையின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக அவள் பத்து நாள் மதுரையில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவருடைய மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது. வண்டி ஸ்டாண்டு இடித்துவிட்டது என்றார். அவளும் நம்பி, ஒரு வாரம் தைலம் தேய்த்துவிட்டாள். ஸ்டென்ட் வைக்கக் குழாய் விட்ட இடம் அது என்று இப்போதுதான் புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனது?"

"ஃபேக்டரி சிநேகிதன், முசிறி பிச்சை. அன்னிக்கு இங்க வந்திருந்தான். கம்பெனி மெடிக்கல் அட்டை இருந்துச்சு, தில்லைநகர் ஆஸ்பத்திரில உடனே சேத்துக்கிட்டாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன்."

"படிவத்துல கையெழுத்து யாரு போட்டது?"

"அவன்தான்."

"என்ன உறவுன்னு எழுதினாரு?"

"தம்பின்னு."

ரெங்கநாயகி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆக, படிவத்துலயும் பொய்."

"உன் தங்கச்சி அங்க படுத்துக் கிடந்தா. நீ ரெண்டு பக்கமும் எப்படி ஓடுவே?"

"சரி. வந்தப்புறம்?"

"வந்தப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். இன்னிக்கு, நாளைக்குன்னு போயிடுச்சு. அதுக்குள்ள வேணி உண்டாயிருக்கான்னு போன் வந்துச்சு. சொன்னா, என்னை விட்டுட்டு நீ போக மாட்டே. என்னையும் கூட்டிட்டுப் போக மாட்டே. பாவம், அந்தப் பொண்ணு அங்க தனியா கெடக்கும்."

"போறதா வேணாமாங்கிறது நான் முடிவு பண்ண வேண்டியதுங்க. நீங்க இல்ல." அவள் குரல் உயரவில்லை. "மூணு வாரமா நான் என்ன பண்றேன்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. பெட்டி தொலைஞ்சா என்ன குடுப்பாங்கன்னு பன்னெண்டு பக்கம் படிச்சேன். நீங்க பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அங்க போய் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா, நான் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பேன்? பிபிக்கு ஒரு மாத்திரைன்னா?"

அன்று மதியம் அவள் சமைத்துப் பரிமாறிவிட்டு, அவருடைய டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள்.

மறுநாள் காலை இருதய மருத்துவரின் அறையில் கணவருக்கு முன்னால் அவள்தான் போய் உட்கார்ந்தாள். மருத்துவர் கோப்பைப் புரட்டினார்.

"நீங்கதான் மிஸஸா? ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன். ஊர்ல இல்லைம்பாரு."

"எட்டு மாசமாவா?" என்றாள் ரெங்கநாயகி. தாயுமானவன் சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். பயணம் போகலாம், மாத்திரை ஒரு வேளைகூட விடக்கூடாது, விமானத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும் என்று சொல்லி மருத்துவர் கடிதம் கொடுத்தார்.

அங்கிருந்து நேராக உறையூர். கடிதத்தைப் படித்துவிட்டுக் கலைமதி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு கம்பெனிகள் உடனே மறுத்துவிட்டன. மூன்றாவது கம்பெனி பிபியை ஏற்றுக்கொண்டு இருதயத்தை ஒதுக்கியது. இன்னொரு கம்பெனி மட்டும், பழைய நோயாலேயே உயிருக்கு ஆபத்து வந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொன்னது. பிரீமியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"ஸ்டென்ட் பத்தி எழுதாம விட்டா என்னம்மா ஆவும்?" என்று தாயுமானவன் கலைமதியிடம் மெல்லக் கேட்டார். "விசாவுக்குக் காட்டுறதுக்குத்தானே."

கலைமதி வாயைத் திறப்பதற்குள் ரெங்கநாயகி படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்க கையாலேயே எழுதுங்க. தேதியோட."

அவர் எழுதினார். நோயின் பெயர், சிகிச்சை நடந்த தேதி, நான்கு மாத்திரைகள். ரெங்கநாயகி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் பணம் கட்டினாள். பாலிசி கால் மணி நேரத்தில் அவள் மின்னஞ்சலுக்கு வந்தது. கலைமதி அதை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே வந்து நாச்சியார் கோயில் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் போனை எடுத்து மகளின் எண்ணைப் போட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் கணவரிடம் நீட்டினாள்.

"நானா?" என்றார்.

"வேற யாரு. இதுக்கும் பிச்சையா வருவாரு?"

அவர் வாங்கிக்கொண்டார். "வேணி, அப்பா பேசுறேம்மா. நல்லா இருக்கியா? ஒரு விஷயம். பயப்படாத" என்று தொடங்கினார். ஐப்பசி, மதுரை, தில்லைநகர் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். மறுமுனையில் வேணி பேச ஆரம்பித்தாள். அழுகையும் திட்டுமாக அது நெடுநேரம் போயிற்று. தாயுமானவன், "சரிம்மா, தப்புதாம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஸ்ரீரங்கம் பஸ் வந்தது. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"நீ பேசுறியா?"

"பேசி முடிங்க. அடுத்த பஸ்ல போவோம்" என்றாள் ரெங்கநாயகி.