குவாஃபி நெற்று

பள்ளிக்கூடத்தின் கோடி வகுப்பறையில் அன்று பிற்பகல் புயலுக்கு ஒதுங்கியிருந்தவர்கள்: நாற்றுப்பண்ணையை நடத்தும் ருஃபினா. அவளுடைய அம்மா இக்னாசியா. சேர்த்துப் போட்ட இரண்டு பெஞ்சுகளின் மேல், முகம் வீங்கிய நிலையில் தம்பி விசென்டே. அவனுக்கு ஞானத்தகப்பனும் எங்கள் மரமேறியுமான மெல்சோர். பண்ணை வண்டி ஓட்டும் நான், பெனு. கதவோரம் சாவிக்கொத்தோடு போலீஸ்காரர் ஹிலாரியோ. பக்கத்தில் மருந்துப்பையோடு நர்ஸ். சுவரோரமாகப் பாய் விரித்து நாலைந்து குடும்பங்கள். ருஃபினாவின் மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதற்குள் குவாஃபி மரத்தின் நெற்றுகள் மூன்று.

எங்கள் லூத்தா தீவில் மிஞ்சியிருந்த குவாஃபி மரங்களில் அந்த வருடம் காய்த்தது ஒன்றே ஒன்று. மற்றவை பூத்தன, உதிர்ந்தன, அவ்வளவுதான். காட்டில் தானாக முளைப்பதை மான் தின்றுவிடும். பண்ணையில் முளைக்கவைத்ததை மாவுப்பூச்சி உறிஞ்சிவிட்டது. புயல் இருட்டுவதற்குள் தீவின் மேல் ஏறும் என்று ரேடியோ சொன்னது. மரம் விழுந்தால் நெற்றும் போகும். அதனால்தான் காலையில் அவசரமாக மேட்டுக்காட்டுக்குப் போனோம்.

காட்டின் விளிம்பில் நின்று மெல்சோர் எப்போதும்போல அனுமதி கேட்டார். எங்கள் ஊரில் முன்காலத்தாரிடம், காட்டில் குடியிருக்கும் மூதாதையரின் ஆவிகளிடம், கேட்காமல் யாரும் உள்ளே கால் வைப்பதில்லை; வைத்தால் உடம்பு வீங்கும் என்பார்கள்.

"தாத்தா, பாட்டி, மன்னிச்சுக்குங்க. மெல்சோர், ருஃபினா, பெனு, நாங்க மூணு பேரும் உங்க எடத்துக்குள்ள வர்றோம். கொஞ்சம் நெத்து எடுத்துட்டுப் போயிடுறோம்."

பெயர் சொல்லித்தான் கேட்பார். பிறகு உள்ளே போனோம். அவர் பாதி மரம் ஏறிய பிறகுதான் நீளக் கயிற்றைப் பண்ணையிலேயே விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. ருஃபினா தம்பிக்குப் போன் போட்டாள். விசென்டே மோட்டார் சைக்கிளில் வந்து, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சீட்டி அடித்தபடி நேராக உள்ளே நடந்து வந்துவிட்டான். அவன் அப்படித்தான். மெல்சோர் மேலிருந்து அவனைப் பார்த்தார். ருஃபினாவும் பார்த்தாள். திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. காற்று கிளைகளை முறுக்க ஆரம்பித்திருந்தது.

திரும்பும் வழியிலேயே அவன் உதடு தடித்தது. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கண் மூடிக்கொண்டது. நர்ஸ் ஊசி போட்டாள். கொஞ்சம் வடிந்து, மறுபடி ஏறியது. இன்னொன்று போட்டாள்.

"குளவியாத்தான் இருக்கும்" என்றாள். "இதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்ல. பாத்துக்கிட்டே இருக்கணும்."

"குளவின்னா கொட்டின எடம் எங்க?" என்றாள் இக்னாசியா. "காட்டு, நானும் பாக்குறேன்."

நர்ஸ் அவன் கழுத்தையும் கைகளையும் இரண்டாம் தடவை திருப்பிப் பார்த்தாள். கொட்டிய தடம் எங்கும் கிடைக்கவில்லை.

பாயில் சிவப்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "டேய் விசென்டே, இந்த மூஞ்சியோட நீ சண்டைக் களத்துக்கு வந்தா சேவலெல்லாம் ஓடிப்போயிரும்" என்றார். விசென்டே சிரிக்கப் பார்த்தான். தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. சாப்பிட்டவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

இக்னாசியா மகளின் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த டப்பாவக் கொண்டுபோய்த் திருப்பி வை."

"எங்கம்மா வைக்கிறது? மரமே நாளைக்கு இருக்குமோ என்னமோ."

"அது அவங்க பாடு. உனக்கென்ன?"

"கேட்டுட்டுத்தானே போனோம்."

"மூணு பேருக்குக் கேட்டீங்க. போனது நாலு."

ருஃபினா டப்பாவை இறுக்கிப் பிடித்தாள். ஹவாயில் படித்தவள். முன்காலத்தாரைப் பற்றி யாராவது பேசினால் பேச்சை மாற்றுவாள். ஆனால் தனியாக ஒருநாளும் மேட்டுக்காட்டுக்குப் போனதில்லை.

"மூணே மூணும்மா. இதுவும் போனா அந்த மரத்துக்கு வாரிசே கிடையாது."

"எனக்கு?"

மெல்சோர் வாயில் இருந்த பாக்கைக் காகிதத்தில் துப்பி மடித்து வைத்தார்.

"பேர் சொன்னது நான். இவன் பேரை விட்டதும் நான்தான். நானே போறேன் கொமாய்ரே" என்று, ஞானப்பிள்ளையின் தாயை அழைக்கும் முறையில், இக்னாசியாவிடம் சொன்னார்.

"போங்க, மன்னிப்புக் கேளுங்க" என்றாள் ருஃபினா. "வெறுங்கையோட போங்க."

"எடுத்தத மடியில வச்சுக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொல்றியா?"

விசென்டேயின் விசில் சத்தம் கூடியது. ருஃபினா டப்பாவைத் திறந்தாள். துரு நிற ரோமம் மூடிய, உள்ளங்கை நீள நெற்றுகள். ஒன்றை எடுத்து நீட்டினாள். மெல்சோர் அதை ஜன்னல் இடுக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது.

"இது பூச்சி அரிச்சது."

அவள் கை டப்பாவின் மூடிக்குப் போனது.

"அவங்களையே ஏமாத்தப் பாக்குறியா?"

பக்கத்தில் இருந்தவர்கள் பாயை அவளிடமிருந்து தள்ளி இழுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். அதுவரை எனக்குப் புயல் பயம் மட்டும்தான் இருந்தது.

"கைப்பழக்கம்" என்றாள் ருஃபினா. "முளைக்காதத ஒதுக்கி ஒதுக்கி, கை தானா அதத்தான் எடுக்குது. வேணும்னு செய்யல. சத்தியமா வேணும்னு செய்யல."

இதை அவள் மெல்சோரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே யாரோ நிற்பதுபோலச் சொன்னாள்.

பிறகு நெற்றுகளிலேயே பருத்ததை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். ஓட்டை விழுந்ததை வாங்கி உள்ளே போட்டு, டப்பாவை மூடி, அதன் மேல் குப்புறச் சாய்ந்துகொண்டாள். அதற்குள் இன்னும் ஒரு நல்ல நெற்று இருந்தது. இக்னாசியா அதையும் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மகன் வாயருகே காதை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மெல்சோர் என்னிடம் கையை நீட்டினார். வண்டிச் சாவியைக் கொடுத்தேன். நான் ஓட்டுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஹிலாரியோ கதவை மறித்து நின்றார்.

"மெல்சோர், ஒரு தடவை சாத்தினா புயல் கடக்குற வரைக்கும் தொறக்க மாட்டேன். உள்ள கொழந்தைங்க இருக்கு."

"தொறக்காதீங்க துன் ஹிலாரியோ. நான் தட்டினாக்கூடத் தொறக்காதீங்க."

"என்னய்யா பேச்சு இது?"

"தட்டுறது நான்தானான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹிலாரியோ தாழை நீக்கினார். காற்று கதவை அவர் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடித்தது. சுவரில் ஒட்டியிருந்த படங்கள் கிழிந்து பறந்தன. மெல்சோர் நெற்றைச் சட்டைக்குள் போட்டு, குனிந்து, வெளியே இறங்கினார். விசென்டே பெஞ்சிலிருந்து கையைத் தூக்கி, "நீனோ" என்று ஞானத்தகப்பனைக் கூப்பிட முயன்றான். மழையில் வண்டி நின்ற இடம்கூடத் தெரியவில்லை.

நானும் ஹிலாரியோவும் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளினோம். அவர் சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, குறுக்கே இரும்புக் கம்பியை இறக்கினார்.