எனக்கு எட்டாத மணம்

என் மனைவி உமாவை எரித்துவிட்டு மைசூர் விஜயநகர் வீட்டுக்குத் திரும்பியபோது வீடு முழுக்கச் சலவைத்தூள் வாசனை. டெங்கு. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா பஞ்சவர்ணம் மொட்டைமாடியில் கடைசித் துணியை உதறிக்கொண்டிருந்தாள். உமாவின் புடவைகள், நைட்டிகள், தலையணை உறை, குழந்தையைச் சுற்றும் பழைய துண்டு எல்லாம் கொடியில் தொங்கின. சொந்த ஊரான ராமாபுரத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பிணம் தெருவைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். செத்தவர் தொட்ட துணி ஒன்றுவிடாமல் நனைய வேண்டும்.

“ஒண்ணு விடலை தம்பி. அவ சீப்பைக்கூடத் தேய்ச்சுக் கழுவீட்டேன்” என்றாள்.

“சரிக்கா” என்றேன். மஞ்சள் தண்ணீர் தெளித்த மெத்தை வெயிலில் கிடந்தது.

மகள் தன்யாவுக்கு இரண்டு வயது ஆகவில்லை. உமாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்துத்தான் தூங்குவாள். கொடியிலிருந்து எடுத்து மடித்த புடவைகளை அவள் ஒவ்வொன்றாக முகர்ந்து கீழே போட்டாள். கடைசிப் புடவையையும் போட்ட பிறகு அழுதாள். மறுநாள் முதல் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். தூக்கமும் இல்லை. அக்கா பால் கொடுத்தாலும் நான் கொடுத்தாலும் துப்பினாள்.

“ஒரு வாய் வாங்கு அம்முணி. அத்தைக்கு வெசனமா இருக்குது” என்று அக்கா கிண்ணத்தோடு பின்னால் நடப்பாள்.

எடை குறைந்துகொண்டே போனது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். உமாவுக்குக் குழாய் போட்டதைப் பார்த்திருந்தேன்.

நான் எம்எஸ்சி வேதியியல். ஓர் ஊதுபத்திக் கம்பெனியின் வாசனைப் பிரிவில் வேலை. மணத்தை உடைத்து என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, மறுபடி சேர்ப்பது என் தொழில். உமாவையும் அப்படிச் சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

மூக்கின் உச்சியில், தபால்தலை அளவு ஈரத்தோலில் மனிதருக்குக் மணத்தைப் பிடிக்கும் கிட்டத்தட்ட நானூறு வகை ஏற்பிகள் வேலை செய்கின்றன. எலிக்கு அதைவிட அதிகம். ஒரு நரம்பணுவில் ஒரு வகை ஏற்பிதான். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளில் பொருந்தும், சிலவற்றில் இறுக்கமாக, சிலவற்றில் தளர்வாக. ஒரே ஏற்பியில் பல மூலக்கூறுகளும் பொருந்தும். எவையெல்லாம் விழித்தன என்கிற சேர்க்கையைத்தான் மூளை மணமாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று விடுபட்டால் அது வேறு மணம்.

தேங்காய் எண்ணெய் எடுத்தேன். அவள் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள். மஞ்சள். கார்மெண்ட்ஸில் அவள் சூப்பர்வைசர், சட்டைக் கையில் எப்போதும் மெஷின் எண்ணெய் இருக்கும், அதில் ஒரு துளி. வியர்வைக்கு இரண்டு அமிலங்கள், மிக மிகக் கொஞ்சம். காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்து, மாற்றி, மறுபடி முகர்ந்தேன். ஒரு மாலை கண்ணை மூடினால் உமா பக்கத்தில் நிற்பது போலிருந்தது. துவைத்த நைட்டியில் தெளித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தன்யா முகர்ந்தாள். அப்படியே நின்றாள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு நைட்டியைத் தள்ளிவிட்டு, தொண்டை கட்டும் வரை கத்தினாள்.

“அதென்னத்தையடா ஊத்திக் கொண்டாந்த?” என்றாள் அக்கா. “புள்ளையை ஏமாத்தாத.”

மறுநாள் உமேஷிடம் பட்டையைக் கொடுத்தேன். ஆபீஸில் பக்கத்து மேசைக்காரன். மைசூரிலேயே பிறந்த தமிழன், தமிழைவிடக் கன்னடம்தான் சரளம்; நண்பர்களை ‘குரு’ என்பான், பேச்சுக்குப் பேச்சு ‘கணோ’ போடுவான்.

“நல்லாத்தான் பண்ணிருக்க குரு” என்றான். “ஆனா இதுல மஸ்க் மாதிரி எதுவுமே இல்லையே.”

“உமா கஸ்தூரி செண்ட்டு எதுவும் போட்டதில்லை.”

“போடறது இல்ல கணோ. ஒடம்புல இருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும்? உன் மூக்குலதான் அந்த ஜாகா காலியா இருக்கே.”

மறந்திருந்தேன். சிலருக்குச் சில ஏற்பிகள் பிறப்பிலேயே வேலை செய்யாது. நேர்முகத் தேர்வில் நீட்டிய ஒரு மஸ்க் பட்டையை வெறும் காகிதம் என்று சொன்னவன் நான். அந்த வகை வந்தால் உமேஷ் எனக்காக முகர்வான். அது ஆபீஸில் பழைய கேலி. அதே இடத்தில் பொருந்தும் ஏதோ ஒன்று உமாவின் தோலில் இருந்திருக்கலாம். கூடவே வாழ்ந்தும் அது எனக்கு வந்ததில்லை. குழந்தைக்கு வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உமேஷ் உமாவின் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு எடுத்துப்போக வந்தான். தன்யா வாசலில் அக்காவின் இடுப்பில் துவண்டு கிடந்தாள். அவன் சீட்டைத் தூக்கினான். உள்ளே உமாவின் ஹெல்மெட் இருந்தது. துணி என்று யாரும் அதை நினைக்கவில்லை.

தன்யா கையை நீட்டினாள். உமேஷ் விளையாட்டாக அதைத் தரையில் வைத்தான். அவள் இறங்கி, ஹெல்மெட்டுக்குள் முகத்தை விட்டாள். வெளியே எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முதுகு சீராக ஏறி இறங்கியது. தூங்கிவிட்டாள்.

“அய்யோ, செத்தவ தலையில போட்டது” என்று அக்கா குனிந்தாள். “தீட்டு. கொடு, கழுவித் தந்தர்றேன்.”

“தொடாதே அக்கா.”

“பச்சப்புள்ள மூஞ்சிலடா...”

“தொடாதே.”

அக்கா கையை எடுத்தாள். குழந்தை எழுந்ததும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பால் முழுவதையும் குடித்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தீட்டு என்று பிறகு சொல்லவில்லை.

நான் ஹெல்மெட்டை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய், ஸ்பாஞ்சு, தூசி. உமேஷிடம் நீட்டினேன்.

“இருக்கு” என்றான்.

“எப்படி இருக்கு?”

மறுபடி முகர்ந்தான். “சூடா இருக்கிற மாதிரி... எப்படிச் சொல்றது குரு. பாரு, அது வராத மூக்குக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.”

முகரும் மணம் பொருளை விட்டுக் கிளம்பி வந்த மூலக்கூறுகள்தான். வந்தது திரும்பிப் போகாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நீண்ட நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கட்டி வைத்தால் குழந்தை சாப்பிடாது. திறந்தே விட்டேன். அவள் குடித்த பாலும் தின்ற களியும் அதன் மேல் சிந்தின. எச்சில் வழிந்தது. எடை ஏறியது. டாக்டர் குழாய்ப் பேச்சை விட்டார்.

தசரா விளக்குகளைக் கழற்றிய வாரம். அக்கா ராகிக்களி பிசைந்துகொண்டிருந்தாள். தன்யா வழக்கம்போல ஹெல்மெட்டுக்குள் முகத்தை விட்டாள். எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை முகத்தை விட்டாள். பிறகு அதை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அத்தையிடம் போய் வாயைத் திறந்தாள்.

“பாத்தியா தம்பி, மறந்துட்டா” என்றாள் அக்கா. சந்தோஷமாகச் சொன்னாள்.

மறுநாள் ஹெல்மெட்டை உமேஷிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் முகர்ந்தான். உதட்டைப் பிதுக்கி, “இப்ப இல்ல குரு” என்று திருப்பிக் கொடுத்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்று நானும் முகர்ந்தேன். முதல் நாள் வந்ததேதான் வந்தது. தேங்காய் எண்ணெய், ஸ்பாஞ்சு, தூசி.