றீற்றா ரீச்சர் சொன்ன மீதி

“அப்பா, நியூஸ் வாசிக்கிற அன்ரிக்கு எல்லாம் தெரியும் எண்டா, ஏன் குனிஞ்சு குனிஞ்சு பேப்பரைப் பாக்கிறா?”

ஜெசிகா சின்ன வயதில் கேட்ட கேள்வி இது. “வேற ஆக்கள் எழுதிக் குடுக்கினம், பிள்ளை,” என்றார் ஹெக்டர். அந்த வேறு ஆட்கள் யார் என்ற யோசனை அவரை விடவில்லை. ஜெசிகா கலியாணம் முடித்து மன்னாருக்குப் போனாள். அவர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு ஓர்ஸ் ஹில் வீட்டின் முன்னறையில் போனை நிறுத்திவைத்து, சனிக்கிழமைகளில் யூரியூப்பில் அந்தந்த வாரச் செய்திகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

அவர் பழைய போக்குள்ள மனிதர், அதை மறைப்பதுமில்லை. குடும்பமும் வழிபாடும் ஒழுங்காக இருந்தால் அரசாங்கத்துக்குப் பாதி வேலை குறையும் என்பார். மாற்றம் என்று வருகிற கட்சிகளிடம், எதை மாற்றாமல் வைத்திருப்பீர்கள் என்று கேட்பார். கடவுளை வணங்குகிறவர்களைக் கொழும்புத் தொலைக்காட்சிகள் ஒன்று கலவரத்தில் காட்டும், இல்லாவிட்டால் பகிடிக்குக் காட்டும் என்பது அவருடைய நெடுநாள் முறைப்பாடு.

ஆனால் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறை கூறுவதென்றால், முதலில் அவருடைய வீட்டுக்குப் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். முதுகுக்குப் பின்னால் பேசுவது கோள், கோள் பாவம். அவருடைய மனைவி றீற்றாவுக்கு அந்த வழக்கம் பிடிக்கும்.

அந்த மாதம் றீற்றாவே செய்தியானார். ஞாயிறு காலைப் பூசை முடியும்வரையும் வெள்ளி ஜும்மா நேரத்திலும் ரியூசன் வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று ஊர்ப் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். லிங்கநகரில் சின்னப் பிள்ளைகளுக்கு நேர்சரி நடத்தும் றீற்றா அங்கே பேசினார். ஒரு தொலைக்காட்சியின் பிரதேச நிருபரான கிண்ணியா முனீப் அதைப் படம் பிடித்தான். இரவுச் செய்தியில் றீற்றா ஒரு வரிதான் சொன்னார்: “படிக்காட்டி பிள்ளை கெட்டுப்போகாது.” கீழே, ‘கல்விக்கு எதிராக மதவாதிகள்’ என்று எழுத்து ஓடியது.

மறுநாளே தாய்மார் சிலர் பிள்ளைகளை நேர்சரிக்கு அனுப்பவில்லை. “ரீச்சர், பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டாச்சோ?” என்று மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் கத்தினான். றீற்றா சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அந்தச் சிரிப்பைத்தான் ஹெக்டரால் தாங்க முடியவில்லை.

“இந்தச் சனி அந்த முனீப்பின்ர படத்தைப் போட்டு, இவன்தான் பொய்யன் எண்டு சொல்லப்போறன்.”

“கிண்ணியாவுக்குப் போனீங்களோ?”

“உன்னைச் சந்தி சிரிக்க வைச்சவன்ர வீட்டை நான் ரீ குடிக்கப் போறதோ?”

“ரீ குடிக்கச் சொல்லேல்ல. போகச் சொல்லுறன்.”

போனார். முனீப்பின் மனைவி பரீனா கைக்குழந்தையுடன் கதிரையை இழுத்துப் போட்டாள். ஹெக்டர் சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னார். முனீப் தன் போனை எடுத்து, கூட்டத்தில் பிடித்த படத்தைப் போட்டுக் காட்டினான்.

“ரியூசன் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல,” என்று படத்தில் றீற்றா சொன்னார். “படிப்பு வேணும். ஞாயிறு காலமை மட்டும் பிள்ளையளைக் கோயிலுக்கு விடுங்கோ. ஒரு காலமை படிக்காட்டி பிள்ளை கெட்டுப்போகாது.”

“நான் முழுசாத்தான் சேர் அனுப்பின. அவங்கதான் வெட்டிட்டாங்க,” என்றான் முனீப். “இத உங்களுக்கு அனுப்புறன், போடுங்க. ரீச்சர்ட பேர் கெட்டது என்ட கமராவால.”

“போட்டா, குடுத்தது ஆரெண்டு அவங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பரீனா.

“தெரியும். வேலைய விட்டு நிப்பாட்டுவாங்க. மீன் விப்பன்.”

“நீங்க மீன் வித்த வடிவ நான் பாத்தன்தானே. சாச்சிக்குச் சும்மா, மாமிக்குச் சும்மா, மிச்சம் பூனைக்கு!”

ஹெக்டர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து ரீயும் குடித்தார்.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் காற்று பலமாக அடித்தது. இத்தனை வருடம் சொல்லி வந்ததற்குச் சாட்சி சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது. போட்டால் மனைவியின் பெயர் துலங்கும். ஒரு வீட்டின் அடுப்பு அணையும். வீட்டில் றீற்றா படத்தை ஒருமுறை பார்த்தார். “நான் மூச்சு விடாமல் இவ்வளவு கெதியாவே கதைச்சனான்?” என்றார். பரீனா சொன்னதையும் கேட்டார். “குழந்தைக்கு எத்தினை மாசம்?” என்று மட்டும் விசாரித்தார்.

சனிக்கிழமை ஹெக்டர் நேரலைக்காகப் போனின் முன் அமர்ந்தார்.

“இண்டைக்கு நான் பக்கஞ்சார்ந்துதான் கதைக்கப்போறன். றீற்றா என்ர மனிசி. நீங்கள் ரீவியில கேட்டது அவ சொன்னதில ஒரு துண்டு. மிச்சத்தை நான் சொல்லுறன். நம்பாட்டி, கூட்டத்தில நிண்ட ஆக்களைக் கேளுங்கோ.” முழுவதையும் சொன்னார். “ஒரு ஆளின்ர வாயில இருந்து சொல்லை எடுத்து அந்த ஆளுக்கே எறியிறது செய்தியில்லை, பொய்ச்சாட்சி.”

முனீப்பின் பெயரை அவர் எடுக்கவில்லை. அவன் தந்த படத்தையும் போடவில்லை.

“ஆதாரம் எங்கே ஐயா?” என்று ஒருவர் எழுதினார். “மனிசிக்குப் பயந்த நியூஸ்,” என்றார் இன்னொருவர். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஹெக்டரின் விரல் அந்தப் படத்தின் மேல் போய் நின்றது. அப்போது அசனா என்ற ஒரு தாய் எழுதினார்: “நான் அங்க நிண்ட. ரீச்சர் இப்படித்தான் சொன்னாங்க. எங்கட புள்ள திங்கள் நேர்சரிக்கு வருவா.” அவ்வளவுதான். றீற்றாவுக்காக வேறு யாரும் எழுதவில்லை. ஹெக்டர் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார்.

பின்னேரம் றீற்றா பீடத்துக்குப் பூ வைக்கக் கோயிலுக்குப் போனார். வீட்டில் ஹெக்டர் மட்டும் இருந்தார். படத்தை வைத்திருந்தால், கோபம் வருகிற ஒரு நாளில் போட்டுவிடுவார். தன்னைப் பற்றி அவருக்கு அது தெரியும். பிழைப்பையே நம்பிக் கையில் தந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். படத்தை அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் இடத்தையும் தேடித் திறந்து, அங்கிருந்தும் அழித்தார்.