செத்த காதும் வறுத்த ஈரலும்

“புயல் வரட்டும். இந்தக் கப்பல்ல இருக்கிற இருபத்தோரு பேரும் குடல் வாய்க்கு வர்ற மாதிரி கக்கிக்கிட்டுக் கிடப்பீங்க. நான் ஒருத்தன் மட்டும் ஈரல் வறுத்துத் தின்னுட்டு, பத்தலைன்னு சட்டியையும் வழிச்சுக்கிட்டிருப்பேன்” என்றார் சமையல்காரர்.

இதைச் சொன்னபோது அவர் மேல்தளத்தில் மல்லாந்து கிடந்தார். அவர் தள்ளாடி நடப்பதைப் பார்த்த கேப்டன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து அடி நடந்து காட்டச் சொல்லியிருந்தார். “ஒண்ணு” என்று எண்ணி வாயை மூடுவதற்குள் ஆள் தரையில். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கடற்பறவைகள் வேறு கடலுக்குப் போய்விட்டன.

“என்ன மச்சான், காலையிலேயே ஏத்திட்டியா?” என்றான் இன்ஜின்காரன். தேநீரைத் தவிர எதையும் ஏற்றியறியாத ஆளைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி.

கேப்டன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நாளன்னைக்குத் துறைமுகம். கம்பெனி டாக்டர் வருவார். உடம்பு லாயக்கில்லைன்னு எழுதி வாங்கி உன்னை இறக்கிடுவேன். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கத்துல உன்னை நிக்க வைக்க எனக்கென்ன கிறுக்கா?”

போன வருஷம் சமையல்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் போட்ட ஊசிகள் உயிரைக் காப்பாற்றிவிட்டு, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் சங்கதியை இரண்டு காதிலும் கொன்றுவிட்டன. கேட்பதில் மட்டும் பழுதில்லை. கேப்டன் திட்டுவது ஒரு எழுத்து சிந்தாமல் வந்து விழுந்தது.

எட்டு மாதம் பயிற்சி. சமநிலைப் பயிற்சி கொடுத்த அம்மாள், இரக்கம் என்ற சாமானை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர். மெத்துமெத்தென்ற பஞ்சுத் திண்டின் மேல் நிற்கவைத்து, சுவரில் ஒட்டிய ஒற்றை எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பச் சொல்வார். எழுத்து தவளை மாதிரி குதிக்கும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்.

“விழுங்க, பரவாயில்லை. பாய் விரிச்சிருக்கேன்” என்பார். பாய் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் விரிந்திருக்கும்.

வீட்டிலும் நடைப் பயிற்சி உண்டு. தலையைத் திருப்பிக்கொண்டே அவர் நடக்க, வீட்டுக்காரம்மா வழியில் நாற்காலியை நகர்த்திப் போட்டு ஒத்தாசை செய்தார். முப்பது வருஷமாகப் பேசாமல் விட்டதையெல்லாம் நாற்காலியாலேயே பேசித் தீர்த்தார். எல்லாவற்றையும் சமையல்காரர் பல்லைக் கடித்துத் தாங்கியது ஒன்றுக்காகத்தான்: கப்பல் அடுப்படிக்குத் திரும்ப வேண்டும். கரையில் அவருக்கு மூச்சு விடக்கூடத் தெரியாது.

ஒருநாள் பயிற்சி அம்மாள் அவரைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணைக் கட்டி, பம்பரமாகச் சுற்றினார். வேறு ஆளாக இருந்தால் போன வாரம் சாப்பிட்டதும் வெளியே வந்திருக்கும். இவரோ, “எப்பம்மா சுத்தப் போறீங்க?” என்று கேட்டார்.

அம்மாள் முதல்முறையாகச் சிரித்தார். “தலை சுத்தறதுக்கும் காது உயிரோட இருக்கணும்ல? இனிமே கடல்ல உங்களுக்குக் குமட்டாது. ஆனா இருட்டுல நடக்காதீங்க, கண்ணை மூடிட்டு நிக்காதீங்க. கண்ணும் பாதமும்தான் உங்களை நிறுத்தி வைக்குது.”

உலகத்தில் ஆயிரம் சோதனை இருக்க, கேப்டன் தேடிப் பிடித்தது அந்தக் கண்ணை மூடுகிற சோதனையைத்தான்.

மறுநாள் காலையில் புயல் வந்தது. அலை ஒவ்வொன்றும் எட்டு மாடி. கப்பல் வாலில் நின்று வானத்தை எட்டிப் பார்த்தது, பிறகு மூக்கில் நின்று மீன்களை விசாரித்தது. ஒரு மணி நேரத்தில் இருபத்தோரு பேரும் காலி. இன்ஜின்காரன் ஒரு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். அவள் வராததால் அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட பெரியம்மா என்று வரிசையாகக் கூப்பிட்டான்.

சமையல்காரர் நின்றார் என்று சொன்னால் அது புளுகு. அவர் நிற்கவில்லை. இடுப்பு வாரை அடுப்புக் கம்பியில் மாட்டி, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, எதிரே தான் ஒட்டி வைத்திருந்த எழுத்தில் கண்ணை நட்டுக்கொண்டு, வெங்காயம் போட்டு ஈரல் வறுத்தார். தின்றார். சட்டியை வழித்தார். மற்றவர்களுக்கென்று எடுத்து வைத்ததை மூடிபோட்ட தூக்குவாளியில் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்து கிளம்பினார். அறை அறையாகப் போய் மூடியைத் திறந்து காட்டினார். அதிகமாகச் சிரித்த இன்ஜின்காரனுக்கு மட்டும் பதினொரு தடவை.

கடைசியாக மேலே, கேப்டனிடம். அவர் சுக்கானை ஒரு கையிலும் தொப்பியை ஒரு கையிலும் பிடித்திருந்தார். தொப்பி காலியாக இல்லை.

“ஐயா, சாப்பாடு.”

“எடுத்துட்டுப் போ.”

“வெறும் வயித்துல இருக்கக் கூடாதுங்க. எண்ணெய் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. பாருங்க, எப்படி மிதக்குதுன்னு.”

“மூடு. உன்னைக் கும்பிடறேன், மூடு.”

“மூடினா வேர்த்துப்போயிடும்” என்ற சமையல்காரர், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் விரலாக நக்கிச் சாப்பிட்டார். அவருக்கு அவ்வளவு ருசியான சாப்பாடு வாழ்நாளில் வாய்த்ததில்லை.

துறைமுகத்தில் கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. எல்லோரும் குளித்து, முகம் மழித்து, யோக்கியர்களாக நின்றார்கள். சமையல்காரர் நடந்ததைச் சொல்ல, கம்பெனி டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

“புயலா? லேசா சாரல் அடிச்சுது” என்றான் இன்ஜின்காரன். “வாந்தியா? எங்க பரம்பரையிலயே கிடையாதே.”

கேப்டன் தவிர இருபது பேரும் அதையே சொன்னார்கள். டாக்டர் சமையல்காரரைப் பாவமாகப் பார்த்தார். “மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

சமையல்காரரின் கை கம்பியை இறுக்கியது. எட்டு மாதமும் அந்த விரல்களில் வந்து நின்றது. “கேப்டன் ஐயாவைக் கேளுங்க.”

“இவர் சொல்றது நிஜம்னா, உடம்பைக் காரணம் காட்டி இறக்க முடியாது, கேப்டன்” என்றார் டாக்டர்.

“உடம்பை எதுக்கு இழுக்கணும்?” கேப்டன் காகிதத்தை வாங்கி, ‘மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு’ என்று தன் கையால் எழுதி, சமையல்காரரின் சட்டைப் பையில் செருகினார். பிறகு இறங்கும் படியைக் காட்டினார்.

டாக்டருக்கு விளங்கவில்லை. “அப்போ ஈரல் கதை?”

கேப்டன் எச்சிலை விழுங்கினார்.

“நடந்ததுங்க. ஒண்ணு விடாம நடந்தது. அதனாலதான் இறக்கறேன்.”